டி.எஃப்.எம். (டிசைன் தயாரிப்புக்கு ஏற்றதா என்று பார்க்கும்) ஆட்கள் தனித் துறையிலா, புராடக்ட் டீமுக்குள்ளா?

சாலிடர்பிரியன்:
எங்கள் கம்பெனியில் ஆறு புராடக்ட் டீம், ஒரே டி.எஃப்.எம். துறை. கெர்பர் ஃபைல் (போர்டு தயாரிக்க ஃபேக்டரிக்குத் தரும் வரைபடம்) அனுப்பும் வாரத்தில்தான் டிசைன் அவர்கள் கைக்குப் போகிறது. ஐம்பது குறிப்போடு திரும்பி வரும். நேரமில்லை என்று பாதி கிடப்பில். ஆட்களை டீம்களுக்குள் பிரித்துப் போட்டால் சரியாகுமா? ரூல்ஸ் ஆளுக்கொன்றாகிவிடுமோ என்று பயம்.

பேனல்கட்:
பிரியுங்கள். போர்டுக்கு ஒருவர், பிளாஸ்டிக்குக்கு ஒருவர் என்று டீமுக்குள் உட்காரட்டும். ரூல் புக்கும் அவர்களுடைய அப்ரைசலும் மட்டும் தனித் துறையிடமே இருக்க வேண்டும். புராடக்ட் மேனேஜர் மார்க் போட்டால் எந்த ஆளும் ஷெட்யூலை நிறுத்தத் துணியமாட்டார்.

முதல் ரிவ்யூ பிளேஸ்மென்ட் (போர்டில் பாகங்களுக்கு இடம் குறிப்பது) முடிந்து ரவுட்டிங் (அவற்றை இணைக்கும் கோடுகள் போடுவது) தொடங்கும் முன்பே நடக்கட்டும். அப்போது ஒரு கெப்பாசிட்டரை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். வி-கட் கோட்டிலிருந்து (பல போர்டுகள் சேர்ந்த பேனலை உடைத்துப் பிரிக்கும் பள்ளம்) செராமிக் கெப்பாசிட்டரை 5 மி.மீ. தள்ளி, நீளப்பக்கம் கோட்டுக்கு இணையாக வையுங்கள். குறுக்கே வைத்தால் பேனலை உடைக்கும்போது உள்ளே கீறல் விழும். டெஸ்ட்டில் பாஸாகி, வாடிக்கையாளரிடம் போய் ஷார்ட் ஆகும். 0402 என்ற மிகச் சிறிய பாகங்களில் ஒரு பேட் (சாலிடர் பிடிக்கும் செம்புத் திட்டு) கிரவுண்ட் பிளேனோடு (அகலமான செம்புப் பரப்பு) நேராக ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் சாலிடர் தாமதமாக உருகும், பாகம் எழுந்து நின்றுவிடும். தெர்மல் ரிலீஃப் (பேடை மெல்லிய கோடுகளால் மட்டும் பிளேனோடு இணைப்பது) கொடுத்திருக்கிறார்களா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

மோல்டுமேடை:
பிளாஸ்டிக்கில் கையெழுத்து விழ வேண்டிய இடம் டூல் ரிலீஸ், அதாவது ஸ்டீல் அச்சை வெட்ட அனுமதி கொடுக்கும் கட்டம். வெட்டிய பிறகு ஸ்டீலை இன்னும் குறைக்கலாம், கூட்ட வெல்டிங்தான் வழி. டெக்ஸ்ச்சர் (சொரசொரப்பு வேலைப்பாடு) பரப்பில் அந்தத் தடம் தெரியும். அதனால் ஸ்னாப் ஃபிட் (அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் கொக்கி) அளவுகளை ஸ்டீல் மிச்சம் வைத்து வெட்டச் சொல்லி, டி1 சாம்பிளை (அச்சிலிருந்து வரும் முதல் மாதிரி) அளந்தபின் இறுதி செய்வார்கள். ரிப் (சுவரைத் தாங்கும் மெல்லிய விலா) தடிமன் சுவரில் 50-60 சதவீதம். மீறினால் எதிர்ப்பக்கம் குழி விழும். டிராஃப்ட் (அச்சிலிருந்து எளிதாகக் கழல வைக்கும் சாய்வு) குறைந்தது 1 டிகிரி, டெக்ஸ்ச்சர் ஆழமானால் கூட்டுங்கள்.

கேட்கீப்பர்:
பிரித்தாலும் கிடப்பு தீராது சார். ஐம்பது குறிப்பும் ஒரே எடையில் போவதுதான் கோளாறு. நிறுத்தவேண்டியது, அடுத்த பில்டுக்குள் (சோதனைத் தயாரிப்புச் சுற்று) திருத்தவேண்டியது, ஆலோசனை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை ஒன்று பாக்கியிருந்தாலும் டூலிங் பி.ஓ. (அச்சுக்கான கொள்முதல் ஆர்டர்) போகக்கூடாது. விலக்கு கேட்டால் காரணம், கேட்டவர் பெயர், எந்த பில்டோடு காலாவதி என்பது மூன்றும் பதிவாகட்டும். இ.வி.டி.க்குக் (முதல் பொறியியல் சோதனை பில்டு) கொடுத்த விலக்கு டி.வி.டி.யில் (அடுத்த டிசைன் சோதனை பில்டு) தானாக நீளக்கூடாது. ரீவொர்க் செலவை அந்தப் புராடக்ட் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். லைனில் அடிக்கடி வரும் டிஃபெக்ட் மாதா மாதம் ரூல் புக்குக்கு வரட்டும்.

சாலிடர்பிரியன்:
நன்றி. பி.ஓ.வை நிறுத்தும் அதிகாரம் டீமுக்குள் இருக்கும் ஆளுக்கா, துறைத் தலைவருக்கா?

கேட்கீப்பர்:
நிறுத்துவது டீம் ஆள். அதைத் தளர்த்த துறைத் தலைவரும் புராடக்ட் ஹெட்டும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.