மறு: சப்ளிமேஷன் மக் – ‘பதங்க அச்சு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

குவளையில் படம் ஏற்றும் ‘சப்ளிமேஷன்’ அச்சுக்குத் தமிழ்ச்சொல்லாக ‘பதங்க அச்சு’ என்று சொன்னேன். அதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> ‘வெப்ப அச்சு’ என்றே வைத்துவிடலாமே? சூடு பண்ணித்தானே படத்தை ஏற்றுகிறார்கள்!

சூடு உண்டு, சரி. ஆனால் டி-சர்ட்டில் வினைல் என்னும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டுவதும் சூட்டில்தான். சூளையில் வைத்துப் பீங்கானில் படம் பதிப்பதும் சூட்டில்தான். மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால் கலைச்சொல் எதற்கு?

ஊட்டியில் நினைவுப்பொருள் கடைகளுக்குக் குவளை அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். இப்போது அச்சிட மேசையில் இருப்பது ஆங்கில ஓவியர் வாட்டர்ஹவுஸ் 1886-இல் வரைந்த ‘மந்திர வட்டம்’ ஓவியத்தின் படம். மூல ஓவியம் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. மந்திரக்காரி ஒருத்தி வலக்கைக் கோலால் தன்னைச் சுற்றித் தரையில் வட்டம் போடுகிறாள். இடக்கையில் பிறை மாதிரி ஓர் அரிவாள். வட்டத்துக்கு வெளியே காகங்கள். படத்தை முதலில் ஒரு தாளில் சாயத்தால் அச்சிட்டு, அதிலிருந்துதான் குவளைக்கு ஏற்றுகிறோம். தாளில் இதை இடவலம் மாற்றித்தான் அச்சிட வேண்டும்; மாற்றாவிட்டால் குவளையில் கோல் இடக்கைக்குப் போய்விடும். தாளைக் குவளையில் சுற்றி ஹீட் பிரஸ் என்னும் சூட்டு அழுத்து இயந்திரத்தில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால், தாளில் காய்ந்திருக்கும் சாயம் உருகாமல் நேரே வாயுவாகி, குவளைமேல் உள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். பூச்சில்லாத வெறும் பீங்கானில் இது பிடிக்காது. எங்கள் ஊர் ஆடி மழையில் தாள் ஈரம் இழுத்திருந்தால் காகத்தின் கறுப்பு திட்டுத்திட்டாகப் பரவிவிடும். அதனால் தாளை முதலில் சூடு காட்டி உலர்த்திக்கொள்கிறேன்.

திடப்பொருள் திரவமாகாமல் வாயுவாவதற்குப் பள்ளிப் புத்தகத்திலேயே ‘பதங்கமாதல்’ இருக்கிறது. கற்பூரத்தை உதாரணம் காட்டிப் படித்த சொல். புதிதாக எதையும் தேட வேண்டாம், ‘பதங்க அச்சு’ போதும்.

> ‘ஆவியச்சு’ சின்னதாக, வாய்க்கு லகுவாக இருக்கிறதே?

லகுதான். ஆனால் ஆவி என்றதும் கொதிக்கிற தண்ணீர்தான் நினைவுக்கு வரும். இங்கே திரவமாகும் கட்டமே இல்லை. மேலும், மந்திரக்காரி படம் போட்ட குவளையில் ‘ஆவியச்சு’ என்று சீட்டு ஒட்டினால் வாங்குகிறவர் வேறு ஆவியை அல்லவா நினைப்பார்!

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டும். சூளையில் ஏறக்குறைய 800 டிகிரியில் சுட்டால் படத்தின் நிறமி பீங்கானின் கண்ணாடி மெருகோடு ஒன்றிவிடும். அதற்கு ‘சூளை அச்சு’ என்கிறேன். பதங்க அச்சு பூச்சோடு நிற்பது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பூச்சு கீறிப் படமும் போய்விடும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எது எது என்று சீட்டில் தமிழில் எழுதியிருந்தால்தான் வாங்குகிறவர் ஏமாறமாட்டார். இதற்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

‘கோட்டிங் மக்’குக்குப் ‘பூச்சுக் குவளை’ என்று முன்பே சொன்னீர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

கொடைக்கானல் பக்கம் இதே வேலை செய்யும் நண்பர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறையில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘பதங்க அச்சு’, ‘சூளை அச்சு’ இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
ஊட்டியிலிருந்து