ஃபார்ஈச்சா, ஃபார் ஆஃபா? எடைக் கணக்கு 0 என்று வருகிறது

செம்பனைக்குலை: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவியாக இருக்கிறேன். குலை வெட்டுகிறவர்கள் 22 பேர், அவரவர் வெட்டிய குலையின் எடை சர்வரில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்ஈச் (வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது) போட்டு, உள்ளே சர்வர் பதிலுக்குக் காத்திருக்கக்கூடிய அசிங்க் ஃபங்ஷன் வைத்து, 'மொத்தம் += அவெய்ட்' (பதில் வரும்வரை நின்று, வந்த எடையை மொத்தத்தோடு சேர்) என்று கூட்டினேன். கீழே மொத்தத்தை அச்சிட்டால் 0. நாள் முழுக்க மழையில் நனைந்து வெட்டியவர்கள் கணக்கு 0! கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கே தப்பு?

லயத்துக்காரன்: ஃபார்ஈச் அவெய்ட்டுக்கு நிற்காது தம்பி. நீ கொடுத்த ஃபங்ஷனை 22 தடவை கூப்பிடும், அது தரும் ப்ராமிஸை, அதாவது 'பதில் பிறகு வரும்' என்ற சீட்டை, திரும்பியும் பார்க்காது, பதில் வருவதற்குள் அடுத்த வரி ஓடி 0 அச்சாகிவிடும். ஒவ்வொன்றாக நின்று போகும் ஃபார் ஆஃப் லூப் எழுது, முடிந்தது. புதியவர்களுக்கு முதலில் ஃபார்ஈச்சையும், ஒவ்வொன்றின் விடையையும் புது வரிசையாகத் தரும் மேப்பையும் காட்டாதீர்கள் என்று இதற்குத்தான் சொல்கிறேன். நடுவில் நிறுத்த அதில் பிரேக் கூடப் போட முடியாது.

கேஎல்_பையன்: அண்ணே, ஃபார்ஈச் ஜாவாஸ்கிரிப்டின் இஎஸ்5 பதிப்போடு 2009ல் வந்தது, அவெய்ட் 2017ல். எட்டு வருஷம் கழித்து வந்த மருமகளுக்கு ஏற்றபடி மாமியார் நடக்கவில்லை என்று குறை சொல்வதா? உங்கள் ஃபார் ஆஃப் ஒருவர் எடை வந்த பிறகுதான் அடுத்தவரைக் கேட்கும். ஆளுக்கு அரை வினாடி என்றால் 22 பேருக்கு 11 வினாடி. மேப்பும், எல்லாப் பதிலும் வரும்வரை காத்திருக்கும் ப்ராமிஸ் ஆலும் வைத்தால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் போய் வந்துவிடும்.

லயத்துக்காரன்: 11 வினாடியில் கிராணி டீயைக் கூட ஆற்ற மாட்டார்.

செம்பனைக்குலை: மேப்பும் ப்ராமிஸ் ஆலும் போட்டுப் பார்த்தேன். 0 போய்விட்டது, ஆனால் மொத்தம் 1,240 கிலோ என்கிறது. அது ஒரே ஆளுடைய எடை!

கேஎல்_பையன்: '+=' ஐ உள்ளேயே விட்டுவிட்டாய். அவெய்ட் காத்திருக்கத் தொடங்கும் முன்பே மொத்தத்தின் பழைய மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளும், அப்போது அது 0. ஆக 22 பேரும் கையில் 0ஐ வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், வருகிறவர் ஒவ்வொருவரும் '0 + என் எடை' என்று முன்னவர் எழுதியதன் மேலேயே எழுதுகிறார், கடைசியாக வந்தவர் எழுதியது நிற்கிறது. உள்ளே எடையை ரிட்டர்ன் மட்டும் செய், கிடைக்கும் வரிசையை, அதை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸில் கூட்டு. ஆரம்ப மதிப்பு 0 கொடுக்க மறக்காதே, வேலையில்லாத நாளில் காலி வரிசை வந்தால் எரர் அடிக்கும்.

லயத்துக்காரன்: ஒரு கூட்டல் கணக்குக்கு இத்தனை எச்சரிக்கை! அதே '+=' ஃபார் ஆஃபுக்குள் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுகிறார்.

பால்மரம்: தம்பி, அவசரத்தில் ஃபார் இன் என்று எழுதிவிடாதே. நான் எழுதி, வரிசை எண்ணுக்காக 1 கூட்டினேன். அதில் வருவது 0, 1, 2 என்ற இட எண், அதுவும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்தாக; கூட்டாமல் பக்கத்தில் ஒட்டிவிடும், அதனால் பட்டியல் 01, 11, 21 என்று அச்சானது. அரை மணி நேரம் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லயத்துக்காரன்: அப்புறம், மழையில் லைன் போனால்? ப்ராமிஸ் ஆலில் ஒருவர் எடை வராவிட்டால் மற்ற 21 பேர் எடையும் கைக்கு வராது.

கேஎல்_பையன்: அதற்குத்தான் 2020ல் ஆல்செட்டில்ட் வந்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தனித்தனியாகச் சொல்லும். லூப்பிலும் எரரைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் போடாவிட்டால் இதே கதிதான் அண்ணே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

லயத்துக்காரன்: சரி, அது உண்மை. ஆனாலும் கற்றுக்கொள்கிறவன் கண்ணால் தொடர்ந்து படிக்கக்கூடியது லூப்தான், அதில் நான் மாற மாட்டேன்.

செம்பனைக்குலை: இன்றைக்கு ஃபார் ஆஃபும் ட்ரை கேட்ச்சும் போட்டுக் கொடுத்துவிட்டேன். 14 வினாடி ஆனது. கிராணி தன் நோட்டில் கையால் கூட்டியதோடு ஒப்பிட்டார், 20 கிலோ இடித்தது. வரிவரியாகப் பார்த்தோம். ஒருவருடைய 1,160ஐ 1,180 என்று படித்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் ஓட்டு" என்றார்.