பிரிட்டனில் முழுநேரம் குடியிருக்கப் பழைய மோட்டார்ஹோம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாடகை கட்டுப்படியாகாமல், பத்துப் பதினைந்து வருடப் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, குளியலறை உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி அதிலேயே இருந்துவிடலாமா என்று புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கார் வாங்குகிற பழக்கத்தில் எஞ்சினையும் ஓடிய மைலையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சினில் கோளாறு என்றால் வேன் பார்க்கிற எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். சுவருக்குள் தண்ணீர் இறங்கிய வண்டிக்குச் சில ஆயிரம் பவுண்டு செலவாகும். அதைவிட, வேலை முடியும்வரை நீங்கள் தங்க வேறு இடம் தேட வேண்டும். குடியிருக்க வாங்குகிறவர் முதலில் ஈரத்தையும் அடுத்து எடையையும் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஈரம் எப்படி இறங்குகிறது? பழைய வண்டிகளில் பெரும்பாலும் வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர், உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் மரச்சட்டமும் தெர்மாகோலும். தகடுகள் சேருமிடத்தில் பூசிய சீலன்ட் வருடக்கணக்கில் காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் அந்த வெடிப்பில் புகுந்து மரச்சட்டத்தை ஊற வைக்கிறது. உள்ளே கறை தெரியும்போது மரம் ஏற்கெனவே மட்கத் தொடங்கியிருக்கும்.

ஊசி முனை உள்ள ஈரமானி 20, 30 பவுண்டுக்குக் கிடைக்கிறது. அதோடு போங்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றி, டிரைவர் சீட்டுக்கு மேல் உள்ள படுக்கையின் முன் மூலைகள், பின்சுவரின் இரு ஓரங்கள், ஆனிங் (வெளியே பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரை) தண்டு திருகப்பட்ட வரிசை, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவை ஒட்டிய பெட்டிகளின் உட்புறம், வாசல் படி ஓரம் என்று ஒன்று விடாமல் பாருங்கள். 15 சதவீதம்வரை கவலை வேண்டாம். 15 முதல் 20 என்றால் கண்காணிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விலை பேசாதீர்கள். 30-க்கு மேல் இருந்தால் உள்ளே சேதம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் காலத்தில் ஒரு மாதம் காய்ந்த வண்டி குறைவாகக் காட்டும். அதனால் கட்டைவிரலால் அழுத்தியும் பாருங்கள். சுவர் பஞ்சு போல உள்வாங்கினால், அளவு என்ன காட்டினாலும் அந்த வண்டி வேண்டாம். ஒரே ஒரு சுவரில் மட்டும் புது வால்பேப்பர், ஒரு மூலையில் மட்டும் புதுத் தரைவிரிப்பு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஷவர் தட்டின் மேல் போட்டிருக்கும் மரப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். மயிரிழை விரிசல் போதும், தினமும் குளிக்கிற வீட்டில் சில மாதங்களில் தரைப்பலகை ஊறிவிடும். வார இறுதிக்கு மட்டும் பயன்படுத்தியவருக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

எடை விஷயம் இந்திய, இலங்கை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இன்னும் முக்கியம். இங்கே குடிவந்த 12 மாதம்வரை ஊர் லைசென்ஸில் சிறிய வண்டிகளை ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்கே தேர்வெழுதி எடுக்கும் சாதாரண பி வகை லைசென்ஸில் டீசல் வண்டி 3,500 கிலோ வரைதான். அதற்கு மேல் சி1 என்ற நடுத்தர லாரி வகை லைசென்ஸ் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை, தனி எழுத்துத் தேர்வு, தனி ஓட்டுநர் தேர்வு எல்லாம் உண்டு. 1997-க்கு முன் லைசென்ஸ் வாங்கிய பிரிட்டன்காரர்களுக்கு சி1 தானாகவே கிடைத்தது. அதனால் விற்பவர் 3,850 கிலோ வண்டியை "சாதாரண லைசென்ஸ் போதும்" என்று நல்ல மனதோடே சொல்லக்கூடும். விளம்பரத்தை நம்பாமல் வண்டியிலேயே பதித்திருக்கும் தகட்டில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடையைப் படியுங்கள்.

வண்டி 3,500-க்குள் இருந்தாலும் அதில் எவ்வளவு ஏற்றலாம் என்பது வேறு கணக்கு. டீசல், தண்ணீர், கேஸ் நிரப்பி, டிரைவரும் உட்கார்ந்து எடைமேடையில் நிறுத்தும்போது 3,180 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மீதி 320 கிலோ. இன்னொரு ஆள் 65, ஆனிங் 30, கூடுதல் பேட்டரி 25, இரண்டு சைக்கிளும் தாங்கியும் 45, அரிசி மூட்டை 20, துணிமணி பாத்திரம் புத்தகம் எல்லாம் சேர்த்து 100. இதிலேயே 285 ஆகிவிட்டது. விடுமுறைக்குப் போகிறவர் இரண்டு பையோடு போவார், நீங்கள் வீட்டையே ஏற்றுகிறீர்கள். பின்பக்கம் நீளமாகத் துருத்திய வண்டிகளில் மொத்த எடை சரியாக இருக்கும்போதே பின் அச்சு வரம்பை மீறியிருக்கும். ஆகவே இரண்டு அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். எடை மீறினால் அபராதம் மட்டுமல்ல, விபத்தில் காப்பீடும் சிக்கலாகும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ அடித்தளம். பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ரிலேயும் அதன் உடன்பிறப்புகளே, உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 2006-க்குப் பிந்தைய டுகாட்டோவில் தொடக்க வருடங்களைச் சேர்ந்தவை பின்னோக்கி மேடேறும்போது கிளட்ச் உதறும். அதனால் ரிவர்ஸில் சரிவேற்றி ஓட்டிப் பாருங்கள். பானட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழிருந்து இன்ஜெக்டர் மேல் தண்ணீர் சொட்டிய தடம், துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிட்டு விலையில் கழியுங்கள். பெல்ட்டுக்கு மைல் மட்டுமல்ல, வயதும் எல்லைதான். "20,000 மைல்தான் ஓடியது" என்பது பெருமை இல்லை. பல வருடம் நின்ற வண்டியில் டயரும் ரப்பர் சீல்களும் பிரேக்கும் நின்றே கெடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஏழு வருடம் தாண்டிய டயரை மாற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, குளிர்காலத்துல உள்ள இருக்க முடியுமா? நம்ம சமையலுக்கு இந்தக் கேஸும் கரண்டும் தாங்குமா?

பதில்: தாங்கும் தம்பி, கணக்குத் தெரிந்து வாங்கினால்.

முதலில் வண்டி ஐரோப்பியத் தரத்தில் கிரேடு 3 குளிர்காப்பு உள்ளதா என்று கையேட்டில் பார். வெளியே மைனஸ் 15 இருக்கும்போதும் உள்ளே 20 டிகிரி கொண்டுவர முடியும் என்பது அதன் பொருள். பிறகு குனிந்து அடியில் பார். நல்ல தண்ணீர்த் தொட்டி வண்டிக்கு உள்ளே இருப்பதே நல்லது. அடியில் வெறுமனே தொங்கும் தொட்டி உறைந்துவிடும். ட்ரூமா காம்பி ஹீட்டர் (அறையையும் தண்ணீரையும் சூடாக்கும் ஒரே கருவி) உள்ள வண்டியில் 3 டிகிரியை ஒட்டி ஒரு வால்வு தானாகத் திறந்து கொதிகலத்தின் 10 லிட்டரையும் கீழே ஊற்றிவிடும். புதிதாக வந்தவர்கள் அதை ஓட்டை என்று நினைத்து வால்வை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடைக்காதே, உறைந்தால் கலமே பிளந்துவிடும்.

கேஸில் சிவப்பு நிற புரோப்பேன்தான் வாங்கு. நீல நிற பியூட்டேன் பூஜ்ய டிகிரியை நெருங்கினாலே ஆவியாகாது, அடுப்பும் அணைந்துவிடும். 6 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு அரைக் கிலோ அளவு எரிக்கும். அப்படியே விட்டால் 6 கிலோ சிலிண்டர் அரைநாள்தான். எனவே குளிர்காலத்தில் மின்னிணைப்பு உள்ள இடத்தில் நிற்பதே மலிவு. அங்கும் எத்தனை ஆம்பியர் என்று கேள். 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட், 10 என்றால் 2,300, 6 என்றால் 1,380 மட்டும். ஹீட்டரை மின்சாரத்தில் 900 வாட்டில் வைத்துக்கொண்டு, 6 ஆம்பியரில் 750 வாட் மிக்ஸியைப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். அரைக்கிற பத்து நிமிடம் ஹீட்டரை நிறுத்து. மேசைக் கிரைண்டர் 150, 200 வாட்தான், அதனால் தொல்லையில்லை, எடைதான் தொல்லை.

இணைப்பில்லாமல் நின்றால் 110 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டில் பாதியைத்தான் எடுக்கலாம், ஏறக்குறைய 1.3 யூனிட். டிசம்பரில் சோலாரை நம்பாதே. வாங்கும்போது பேட்டரியை முந்தின இரவே சார்ஜிலிருந்து கழற்றி வைக்கச் சொல். காலையில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி காலி. ஃபிரிட்ஜையும் முந்தின இரவே கேஸில் ஓட்டி வைக்கச் சொல். கேஸிலும் ஓடும் அந்த வகை ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்காகும். மின்சாரத்தில் மட்டும் ஓட்டிக் காட்டினால் போதாது. அம்மோனியா நாற்றம் அடித்தால் அது முடிந்தது.

சமையலில் உண்மையான சிக்கல் நீராவி. சோறு வடிப்பதும் இட்லி அவிப்பதும் அவ்வளவு சிறிய இடத்தில் சுவரெல்லாம் வேர்க்க வைக்கும், மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்தான், ஆனாலும் கூரை ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமை. மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டம் போடு. தாளிப்பும் பொரிப்பும் முடிந்தவரை வெளியே, ஆனிங்குக்குக் கீழே வைத்துக்கொள். துணி ஒட்டிய கூரையில் படிந்த மஞ்சள் எண்ணெய் போகவே போகாது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் துளைகளைக் குளிருக்குப் பயந்து மூடவே கூடாது. கசிந்த கேஸ் கீழே இறங்கி வெளியேறும் வழி அது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியில் ஓர் இரவுகூடத் தூங்காதே.

மேலும் ஒருவர்: காகித விஷயங்கள் விட்டுப்போயின. எம்ஓடி சோதனை சாலைத் தகுதியை மட்டும் பார்க்கும். கேஸ், ஈரம், வீட்டுப் பகுதி மின்சாரம் அதில் வராது. அதற்குத் தனியாக ஹேபிடேஷன் செக் செய்ய வேண்டும். பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி முடிவுகள் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வருட மைலும் ஏறுவரிசையில் இருக்கிறதா பாருங்கள். வி5சி எனும் பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் ஆகாது. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ பக்கம் வேலைக்கோ கடைக்கோ போகிறவர்கள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான) கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் கிரேட்டர் லண்டன் முழுவதும் அதில் வருகிறது. யூரோ 6 புகைத் தரம் இல்லாத, 3,500 கிலோ வரையுள்ள டீசல் வண்டியை ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. நிறுத்தி வைத்திருந்தால் கட்டணமில்லை. 2015-க்கு முந்தைய டீசல் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே மாட்டும்.

முகவரிதான் கடைசித் தடை. லைசென்ஸ், வங்கி, காப்பீடு எல்லாம் நிலையான முகவரி கேட்கும். விசாவில் இருப்பவர்கள் முகவரி மாறினால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உறவினரோ நண்பரோ சம்மதித்து, கடிதம் வாங்கித் தரும் வீட்டு முகவரி ஒன்றை வண்டி வாங்கும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். துணைவரை அழைக்க விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் போதுமான வசிப்பிடம் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மோட்டார்ஹோம் நிறுத்தும் முகாம்களில் பலவற்றில் ஒரே இடத்தில் 21 அல்லது 28 இரவுதான் அனுமதி. காப்பீடு எடுக்கும்போது முழுநேரம் குடியிருக்கிறேன் என்று சொல்லியே எடுங்கள். விடுமுறைப் பயன்பாடு என்று எழுதிய பாலிசி, குடியிருக்கும் வண்டி எரிந்துபோனால் பணம் தராமல் போகலாம்.