அவசரப் பையில் இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது?

வணக்கம். நடக்கச் சிரமப்படும் என் தாயாருக்காக, வீட்டை விட்டு உடனே வெளியேற நேர்ந்தால் எடுத்துச் செல்ல ஒரு பையைத் தயார் செய்து வருகிறேன். நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் என மூன்று நாள்களுக்கான தண்ணீர், டார்ச், மருந்துச் சீட்டின் நகல் ஆகியவற்றை எடுத்து வைத்துவிட்டேன்.

என்னைக் கவலைகொள்ள வைப்பது அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின்தான். திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். பனிக்கட்டியில் நேரடியாகப் பட்டு ஒருமுறை உறைந்துவிட்டாலோ, பிறகு உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பதற்றத்தில் இந்தத் தவறு எளிதாக நேர்ந்துவிடும் என்றே அஞ்சுகிறேன்.

மின்சாரம் இல்லாதபோது, நீர் ஆவியாவதால் குளிர்ச்சி தரும் பைகளைப் பயன்படுத்திய அனுபவம் உங்களில் யாருக்கேனும் இருந்தால், அவை எத்தனை மணி நேரம் தாங்கின, எவ்வளவு இடைவெளியில் மீண்டும் நனைக்க வேண்டியிருந்தது என்பதை அன்புகூர்ந்து விளக்கமாக எழுதுங்கள்.