முதல் கப்பல் பயணம், நாங்கள் இருவர் மட்டும்: எந்த கேபின், எதற்கெல்லாம் தனிக் காசு?

கடல்நுரை கேட்டது:

நானும் மனைவியும் முதன்முறையாகக் கப்பலில் போகிறோம். 7 இரவு, 4 துறைமுகம், 2 நாள் முழுக்கக் கடலில். ஒரு ஊரில் கப்பல் கரையை ஒட்டாதாம், நங்கூரம் போட்டு சிறு படகில் இறக்குவார்களாம். மனைவிக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே குமட்டும். பால்கனி கேபினுக்கும் உள்பக்க கேபினுக்கும் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அந்தக் காசுக்கு அது தகுமா? டிக்கெட் விலைக்கு மேல் எதற்கெல்லாம் செலவாகும்? முதல்முறை போகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

துடுப்பு:

குமட்டல் இருப்பதால் முதலில் பார்க்க வேண்டியது கேபின் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பால்கனியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அலையில் கப்பல் இரண்டு விதமாக ஆடும். மூக்கும் வாலும் மாறி மாறி ஏறி இறங்குவது ஒன்று, இடமும் வலமும் சாய்வது இன்னொன்று. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு, நுனியில் இருப்பவனுக்கு அதிகம். அதேபோல நீளவாட்டில் நடுப்பகுதியும், உயரத்தில் கீழ் டெக்கும், அதாவது கீழ் மாடியும்தான் அசைவு குறைந்த இடம். நவீன கப்பல்களில் நீருக்கடியில் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டுச் சாய்வை மட்டும்தான் அடக்கும். அதுவும் கப்பல் வேகமாகப் போகும்போதுதான் நன்றாக வேலை செய்யும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. முன்முனை கேபினில் படுத்தவர்கள் ராத்திரி தூங்காமல் தவிப்பது அதனால்தான்.

பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல் டெக்குகளில்தான் தொடங்கும். உள்பக்க அறையில் ஜன்னலே இல்லை. தொடுவானம் கண்ணில் படாவிட்டால் ஆட்டத்தை உணரும் உள்காது ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும், குமட்டல் கூடும். ஆகவே என் தீர்ப்பு: கீழ் டெக், நடுப்பகுதி, திறக்காத கண்ணாடி ஜன்னல் உள்ள அறை. விலையும் இரண்டுக்கும் இடையில் இருக்கும்.

பதிவு செய்யும் முன் டெக் வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குள டெக் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை பாட்டு. முன்பக்கக் கீழ் டெக்கில் துறைமுகம் நெருங்கும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் அதிரும், நங்கூரச் சங்கிலி இறங்கும் ஊரில் அந்தச் சத்தமும் சேரும். பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு உள்ள கேபினையும் தவிர்த்துவிடுங்கள், அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவு டிக்கெட் உங்களுக்கு வேண்டாம். முன்முனையில் தள்ளினாலும் மறுக்க முடியாது.

உப்புக்காற்று:

துடுப்பு சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 2 நாள் முழுக்கக் கடல் என்றால் பால்கனிக்கு மதிப்பு அதிகம். இரண்டு பேரும் கூட்டமில்லாமல் உட்கார வேறு இடம் கப்பலில் சுலபமாகக் கிடைக்காது. குமட்டும்போது குளிர்ந்த காற்றும் தொடுவானமும் நான்கு எட்டில் இருக்கும். நடுப்பகுதியில், பால்கனி தொடங்கும் மிகக் கீழான டெக்கில் கேளுங்கள். 4 துறைமுகத்திலும் காலை முதல் மாலை வரை வெளியே சுற்றப்போகிறீர்கள் என்றால் துடுப்பு சொன்னதே சரி.

கணக்குப்பிள்ளை:

செலவுக்கு வருவோம். விளம்பர விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. அதை இரண்டால் பெருக்கி, துறைமுக வரி அதில் அடங்கவில்லை என்றால் அதையும் சேர்த்தால்தான் உண்மைத் தொகை. அதற்கு மேல் வருபவை:

டிப்ஸ். பல நிறுவனங்கள் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு என்று அறைக் கணக்கில் (கப்பலில் செய்யும் செலவெல்லாம் சேரும் பில்) தானாகவே ஏற்றிவிடும். 7 இரவு, இருவர் என்றால் 14 மடங்கு.

குடிபானப் பேக்கேஜ். இதில்தான் தம்பதிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே அறையில் உள்ள பெரியவர்களில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆகவேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. ஒருவர் குடிக்காதவர் என்றால் கணக்கு உதைக்கும். பேக்கேஜின் ஒருநாள் விலையோடு சேவைக் கட்டணத்தைக் கூட்டி, ஒரு கோப்பையின் விலையால் வகுத்துப் பாருங்கள். தினமும் அத்தனை கோப்பை இருவரும் குடிப்பீர்களா? துறைமுக நாளில் பாதிப் பகல் வெளியே இருப்பீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். சாதாரண உணவுக்கூடத்தில் தண்ணீர், டீ, வடிகட்டிய காபி வழக்கமாக இலவசம்.

இணையம் தனி. போனை ஏறியவுடன் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் செல்பேசி வலையில் தானாகவே ஒட்டிக்கொள்ளும், சாதாரண ரோமிங் திட்டத்தில் அது பெரும்பாலும் அடங்காது.

அறைக் கணக்கோடு கிரெடிட் கார்டை இணையுங்கள், டெபிட் வேண்டாம். செலவு ஏற ஏற கார்டில் தொகையை நிறுத்திவைப்பார்கள், விடுவிக்கப் பல நாள் ஆகலாம். டெபிட் என்றால் முடங்குவது உங்கள் கையிருப்பு. பில்லை உங்கள் நாட்டுப் பணத்தில் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும். கணக்கைக் கடைசி நாளுக்கு முந்தின இரவே சரிபாருங்கள். கடைசிக் காலையில் வரவேற்பு மேசை வரிசை நகராது.

மருத்துவக் காப்பீடு எடுக்காமல் ஏறாதீர்கள். கப்பல் மருத்துவரிடம் காட்டுவதற்குக் கட்டணம் உண்டு. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் வரும் பில்லை ஒரு குடும்பம் தாங்காது. அவசர வெளியேற்றம் என்ற வரி பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கடல்நுரை:

அருமை. மாத்திரை விஷயமும் யாராவது சொல்லுங்களேன்.

மருந்துப்பெட்டி:

குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் அரைப்பயன்தான். வயிறு மந்தமாகிவிடும், மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிடும். மெக்லிசின் என்றால் ஆட்டம் தொடங்கும் முன் 1 மணி நேரம், வழக்கமான அளவு 25 முதல் 50 மில்லிகிராம், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. தூக்கம் வரும், மது சேர்ந்தால் இன்னும் அதிகம். வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஸ்கோபோலமின் என்ற குமட்டல் மருந்துள்ள ஒட்டுப்பட்டை மருத்துவர் சீட்டோடு கிடைப்பது. குறைந்தது 4 மணி நேரம் முன்பே காதின் பின்பக்கம் ஒட்ட வேண்டும், 3 நாள் தாங்கும். அதன்பின் அதை எடுத்துவிட்டு, புதியதை மறு காதில். தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்பாவை விரிந்து பார்வை மங்கும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. மெக்லிசினுக்கும் கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் எந்த மருந்தும் கேட்டுத்தான். 24-ஆவது வாரம் பயணத்தின் நடுவில் தொடங்குவதாக இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள்.

இன்னொன்று நோரோவைரஸ், வாந்தியும் பேதியும் தரும் கிருமி. உணவுக்கூட வாசலில் இருக்கும் ஆல்கஹால் ஜெல்லை அது அவ்வளவாக மதிக்காது. சோப்பும் தண்ணீரும், 20 விநாடி. பொதுக் கரண்டியைத் தொட்ட பிறகு, வாய்க்குக் கை போகும் முன்.

நங்கூரம்:

துறைமுக நாள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

கப்பல் தன் கடிகாரப்படி நடக்கும், ஊர் நேரம் 1 மணி நேரம் தள்ளி இருக்கலாம். கரையில் போனை இயக்கினால் அது தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு சாதாரண கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் புறப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள். நீங்களாக டாக்ஸி பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள். தனியாகப் போனால் 2 மணி நேரம் முன்பே திரும்பும்படி திட்டமிடுங்கள். கப்பலில் தரும் தினசரி நிகழ்ச்சித் தாளில், கப்பலைத் தவறவிட்டால் அழைக்க அந்த ஊர்த் துறைமுக முகவரின் எண் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படகு இறங்கும் ஊரில் வரிசை எண் கொடுப்பார்கள். அலை கூடினால் கேப்டன் அந்த நிறுத்தத்தையே ரத்து செய்வார், பயண ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. ஆகவே அங்கே திரும்பப் பெற முடியாத முன்பதிவு செய்யாதீர்கள். படகில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பணியாளர் சொல்லும் கணத்தில் காலை வையுங்கள். மனைவிக்கு மாத்திரை அன்று காலையே. நின்ற சிறு படகு பெரிய கப்பலைவிட மோசமாக ஆடும்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீல்யோ தீவருகே கோஸ்டா கொன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியபோது, அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். 7 குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: அதுதான் கூடுமிடத்துக்கு வரச் சொல்லும் அழைப்பு. உங்கள் கூடுமிடம் எது, அறையிலிருந்து எந்தப் படிக்கட்டு என்று இருவரும் ஒருமுறை நடந்து பாருங்கள். நெருக்கடியில் லிஃப்ட் கிடையாது.

துடுப்பு:

விட்டுப்போனவை. பயணத்துக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது. பெரிய பெட்டியைக் கரையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர மாலையாகலாம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

மின்னழுத்தத் தடுப்பு (சர்ஜ் புரொடக்டர்) உள்ள நீட்டிப்புப் பலகை, கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சோதனையில் பறிபோகும். கப்பலின் மின்சுற்று கரையிலுள்ளதுபோல் நிலத்தோடு இணைந்ததில்லை, அந்தத் தடுப்பி அங்கே சூடாகித் தீப்பிடிக்கலாம். தடுப்பு இல்லாத யூஎஸ்பி சார்ஜர் போதும். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, 4 காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஈரத்துணி மாட்டலாம்.

கழிவறை வெற்றிடத்தால் உறிஞ்சுவது. ஈரத்துடைப்பான் ஒன்று போதும், உங்களோடு சேர்த்துப் பக்கத்து அறைகளும் அடைத்துக்கொள்ளும்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பையும் செருப்பையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.