ஆக்கிரமிப்புக் காலத்துக் கிராமப் படங்கள்: நீங்கள் பார்த்தவற்றைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008 டிசம்பரில் 80,000க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவச இணையப் படக் களஞ்சியத்துக்குக் கொடுத்தது. அவற்றில் நிறைய, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் பிரசாரப் பிரிவு எடுத்தவை. சாப்பிட்டுப் படுக்கும் முன் அவற்றைப் புரட்டுவேன். ரஷ்யா, உக்ரைன் பக்கத்துக் கிராமங்கள், கூரை வீடுகள், தலையில் துணி கட்டிய பாட்டிகள், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு சிப்பாய். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி நிற்பான். அன்றைய படக்குறிப்புகளை அப்படியே வைத்திருக்கிறோம், அவை தவறாகவோ ஒருசார்பாகவோ இருக்கலாம் என்று காப்பகமே ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படிப் புரட்டும்போதுதான் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் கொண்டோமாரி கிராமம் வந்தது. 1941 ஜூன் 2. பாராசூட்டில் இறங்கிய ஜெர்மானியரை ஊர்க்காரர்கள் எதிர்த்ததற்குப் பழிவாங்கல். எடுத்தவர் பிரான்ஸ் பீட்டர் வைக்ஸ்லர், அதே பிரசாரப் பிரிவு ஆள். படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் பெண்கள், பிள்ளைகள், ஆண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அப்புறம் ஆண்கள் மட்டும். அடுத்து ஆலிவ் மரத்தடியில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சிப்பாய்கள். படம் நன்றாக விழுந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கடுத்த படத்தை விவரிக்கப் போவதில்லை.

சுடுவதைத் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை என்று 1945 நவம்பரில் நாஜித் தலைவர் கோரிங் மீதான வழக்குக்காக எழுதிக்கொடுத்த சாட்சியத்தில் வைக்ஸ்லர் சொல்கிறார். கிரீட் படங்களைக் கசியவிட்டார், உள்ளூர்க்காரர் சிலரைத் தப்பவைத்தார் என்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்து உள்ளே தள்ளியதும் உண்மை. ஆனாலும் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவர்தானே. அந்த மனிதரை எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

*

வணக்கம் ஐயா. நான் மலேசியா, பேராக் பக்கம். எங்கள் குடும்பத்தில் ஜப்பான்காரன் காலத்துப் படம் ஒன்றுகூடக் கிடையாது. தோட்டத்து லயத்தில் கேமராவுக்கு எங்கே போக? பாட்டி வாயால் சொன்னதுதான் எல்லாம்: மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, உடுத்தச் சாக்குத்துணி, வாழைமரம் அச்சடித்த பத்து டாலர் நோட்டு. 1945இல் அவன் தோற்றுப் போனதும் அந்த நோட்டு குப்பை. பாட்டி தகர டப்பாவில் கொஞ்சம் வைத்திருந்தார், நாங்கள் கடை விளையாட்டு விளையாடுவோம்.

தாத்தாவின் அண்ணன், ஜப்பான்காரன் சயாமில் (இன்றைய தாய்லாந்து) போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. பர்மா வரை 415 கிலோமீட்டர் பாதை. அங்கே ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கைதி ஒளித்து வைத்திருந்த கேமராவில் எடுத்த படங்கள் இருக்கின்றன. கைதிகள் கதைக்கு அப்படியாவது ஒரு சாட்சி. நம் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் என் கண்ணில் படவில்லை. அந்தப் பாதையில் வேலை செய்த தோட்டத்து ஆட்களின் படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஜப்பான்காரனே எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.