நமீபியா ஹோஆனிப் கூடார முகாம்: கொடுக்கும் காசு தகுமா?

தூரதேசி:
அடுத்த ஆகஸ்டில் நானும் மனைவியும் நமீபியா போகிறோம். சோசஸ்ஃப்ளே மணற்குன்றுகளைப் பார்த்துவிட்டு, வடமேற்கில் ஹோஆனிப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சொகுசுக் கூடார முகாமில் தங்கலாம் என்கிறார் ஏஜென்ட். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. யானையும் சிங்கமும் எட்டோஷா தேசியப் பூங்காவிலேயே இருக்கும்போது இங்கே எதற்கு? மனைவியின் கவலை வேறு: சிங்கம் திரியும் இடத்தில் துணிக்குள் எப்படித் தூங்குவது? இருவரும் சைவம்.

மணல்மேடு:
நிறைய விலங்கு பார்க்கவேண்டும் என்றால் எட்டோஷாதான், யோசிக்கவே வேண்டாம். ஹோஆனிப்பில் பாதி நாள் சுற்றியும் நாலு ஒட்டகச்சிவிங்கியோடு திரும்ப நேரிடலாம். ஆனால் அந்த ஆறு வருடத்தில் பெரும்பாலும் வெறும் மணல், அடியில் இருக்கும் ஈரத்தில் அனா மரங்கள் (வேல மரம் மாதிரி) நிற்கின்றன, அதை நம்பித்தான் யானைகள் அங்கே பிழைக்கின்றன. நாங்கள் பார்த்த ஆண் யானை நெற்றியை அடிமரத்தில் வைத்து ஒரு உலுக்கு உலுக்கியது, காய்கள் பொலபொலவென்று கொட்டின, குட்டி ஒன்று ஓடிவந்து பெரியவர் காலடியிலேயே பொறுக்கியது. வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

கூடாரம் என்றதும் முகாம் போட்டுப் படுப்பதாக நினைக்காதீர்கள். மேடை கட்டி அதன்மேல் கட்டில், ஒட்டினாற்போல் குளியலறை, வெந்நீர் எல்லாம் உண்டு. இருட்டியபின் தனியாக நடக்க விடமாட்டார்கள், சாப்பிடப் போக ஆள் வந்து கூட்டிப்போவார். தங்கைக்கு பயமே வேண்டாம். குளிர்தான் தொந்தரவு, அட்லாண்டிக்கிலிருந்து பனிமூட்டம் உள்ளே வந்துவிட்டால் காலைச் சவாரிக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது.

செலவாளி இல்லை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கொடுக்கும் தொகையில் பாதி முகாமுக்குக் கூட்டிப்போகும் குட்டி விமானத்துக்கும் தனிமைக்கும்தான். பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் செஸ்ஃபோன்டெயின் ஊர் வரை காரில் போய்த் தங்கி, அங்கிருந்து வழிகாட்டியோடு நாலு சக்கரமும் இழுக்கும் (4x4) ஜீப்பில் ஒரு பகல் ஆற்றுக்குள் போய்வரலாம், யானை கிடைக்க வாய்ப்பு அப்போதும் உண்டு. மிச்சக் காசை சோசஸ்ஃப்ளேயில் போடுங்கள். அந்தக் குன்றுகளுக்குப் போகும் வழியான செஸ்ரீமில் பூங்கா வாசலுக்கு உள்ளே தங்குபவர்களை மற்றவர்களுக்கு முன்பே விட்டுவிடுவார்கள், சுமார் 60 கிலோமீட்டர் ஓட்டிப்போய் விடியும்போது குன்றின்மேல் நிற்கலாம். வெளியே எவ்வளவு ஆடம்பரமாகத் தங்கினாலும் அந்த நேரம் கிடைக்காது.

தூரதேசி:
இரண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது, அதுதான் சிக்கல். விமானத்தில் பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

மணல்மேடு:
பெரும்பாலும் ஆளுக்கு 20 கிலோ, கேமராவும் கைப்பையும் அதிலேயே அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப்பைதான். சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், சமைத்துத் தருவார்கள், காரம் மட்டும் இருக்காது. போனால் இரண்டு இரவாவது தங்குங்கள், ஒரு இரவு என்றால் போகவே வேண்டாம்.

செலவாளி இல்லை:
பருப்புப் பொடியையும் அந்த 20 கிலோவில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.